இன்னும் ஆறு மீட்டர்

கேப்பர் மலைச் செம்மண்ணுக்கென்று ஒரு கட்டடம்
நாலு மாதமாய்த் தாளில் எழும்பித்
தாளிலேயே இடிகிறது.
மேசைமேல் இப்போது கிடப்பது
பதினெட்டாவது இடிபாடு.

இயற்பியல் அருள்சீலி கேட்டது
அசையாத தரை, வேறொன்றுமில்லை.
ஒளிக்கதிர் இரண்டை
இருட்டில் சந்திக்க வைப்பது அவர் வேலை.
"மயிரிழைய ஆயிரமாப் பொளந்து
அதுல ஒரு பங்கு தள்ளினாலும்
மூணு வருஷம் போச்சு, மேடம்."

மனையில், முந்திரி மரங்களுக்கு நடுவே
குழிக்குள் கருவியை இறக்கிவிட்டு
ராத்திரி ரெண்டு மணிவரை உட்கார்ந்திருந்தோம்.
கீழே எங்கோ சரக்கு ரயில் போனது.
எங்கள் காலுக்குத் தெரியவில்லை,
திரையில் கோடு எகிறிக் குதித்தது.
ரயில் போய் வெகுநேரமாகியும்
கோடு முழுக்கப் படுக்கவில்லை,
தூங்குகிறவன் விலாவைப்போல
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
இது எந்த வண்டி என்றேன்.
"இது கடல்.
தேவனாம்பட்டினத்துல அலை அடிக்குதில்ல,
அந்தக் கனம் இதுவரைக்கும் வரும்.
நிறுத்த முடியாது. கழிச்சுக்கணும்."

அதனால் தரைக்குள் ஒரு தரை வரைந்தேன்.
தூணைத் தொடாத, சுவரைத் தொடாத பாளம்.
சுற்றிலும் நாலு விரல் சந்து,
ஒரே வீட்டில் பாகம் பிரித்துப்
பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிபோல.

வேதியியல் சபூராவின் பட்டியல் நீளம்.
கடைசி வரி: புகையிழுக்கும் பெட்டிகள், பதினாலு.
சரி, இழுத்த காற்று எங்கே போகும்?
அதை நான் கேட்டிருக்க வேண்டும்.
அவர்தான் கேட்டார்.
கம்பெனியில் ஆறு வருடம் இருந்துவிட்டு
படிப்புக்குத் திரும்பியவர்.

பத்து வருடக் காற்றை வாங்கி வந்து
வட்டப்படத்தில் விரித்தேன்.
வாடை. கொண்டல். கோடை. தென்றல்.
நாலு திசைக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது.
சபூரா தெற்கின்மேல் விரலை வைத்தார்.
"இதுக்குப் பேரு வச்சவரு
சிப்காட்டுக்கு வடக்கால குடியிருக்கல."
பிறகு அந்த விரல் மேற்குக்கு நகர்ந்தது.
ஆனி ஆடியில் அங்கிருந்துதான் வீசும்,
எங்கள் கூரையைத் தாண்டி
சரிவில் இருக்கிற நாலு தெருவுக்குள்.
"வடாம் காயப்போடுற மாடிங்க."

கூரைக்குமேல் மூன்று மீட்டர் புகைபோக்கி
போதும் என்கிறது விதி.
அவர் ஒன்பது கேட்டார்.

கட்டடக் குழுவில் டீ வந்தது,
மிக்ஸர் வந்தது, பிறகு முகப்பு வந்தது.
முகப்பில் ஒரு பித்தளைக் கோளம்,
அதைச் சுற்றி மூன்று வளையம்.
பார்த்ததும் விஞ்ஞானம் என்று தெரியவேண்டுமாம்,
இரவில் விளக்கும் எரியவேண்டுமாம்.
நிதி அலுவலர் வைத்திலிங்கம்
கூட்டல் போட்டுக்கொண்டே இருந்தார்.
கோளத்தின் விலையும்
பதினாலு குழாய்க்கு ஆறு ஆறு மீட்டரும்
ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன்.
"செங்கல் சூளை மாதிரி இருக்குமேம்மா"
என்றார் ஒருவர்.
இருக்கும் என்றேன்.

எப்படி ஒப்புக்கொண்டார்கள்
என்று இன்றும் தெரியாது.
வைத்திலிங்கத்தின் அக்கா
சரிவுத் தெருவில் இருப்பதாகப்
பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

கையெழுத்து வாங்கிய தாளை
ஆய்வகத்து வேணி தற்செயலாகப் பார்த்தாள்.
பழைய கட்டடத்தில் பதினொரு வருடமாகத்
தரை துடைப்பவள்,
குடுவை கழுவுபவள்.
அமிலம் பட்டால் ஓடிவந்து நிற்க
வாசலோரம் நான் போட்டிருந்த ஷவரைக் காட்டி
"இந்தத் தண்ணி எங்கம்மா போவும்?" என்றாள்.

பார்த்தேன்.
கடலின் கனம் தெரிந்திருந்தது எனக்கு.
ஆடிக்காற்றின் வழி தெரிந்திருந்தது.
ஷவருக்குக் கீழே
சாக்கடைத் துளை இல்லை.

ரப்பர் எங்கே வைத்தேன்.